சடையன் ஏன் கை நீட்டுவதில்லை

சடையனுக்குப் பதினோரு ரூபாய் வரவேண்டியிருந்தது. தரவேண்டியவர் ஜட்கா வண்டிக்காரர் கோதண்டராமன். அந்தக் கடன் உண்டானது அவர் செத்துச் சிதையில் படுத்த பிறகு. அதற்கு முன்னால் அப்படி ஒரு கடனே கிடையாது. அதுதான் வினை.

நான் பலராமன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ரயிலடி டீக்கடையில் கிளாஸ் கழுவி ஆரம்பித்தேன். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று மாடி லாட்ஜ் வைத்திருக்கிறேன், கோடையிலும் அறைக்கு அறை தண்ணீர் வரும். பேங்கு வாசலை மிதிக்காமல் கட்டியது. இந்தக் கதையை எழுதித் தருகிறேன் என்று ஒரு வாத்தியார் வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். மூன்று மாடி கட்டினவனுக்கு நாலு பக்கம் எழுத வராதா. பெரிய மனிதர்களைப் பற்றிப் புத்தகம் போட ஆட்கள் இருக்கிறார்கள். சடையனைப் பற்றிச் சொல்ல நான்தான் உண்டு. அந்த வண்டிக்குள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

ரயிலடியில் அப்போது ஆறேழு ஜட்காக்கள் நிற்கும். கோதண்டராமன் வண்டிதான் முதல் வண்டி. குதிரைக்கு ராணி என்று பேர். வெள்ளைக் குதிரை, வயசானதும் மஞ்சளடித்துப் போனது. மனுஷர் கடன் வாங்காதவர். சும்மா சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. எங்கள் கடையில் டீ கிளாஸ் பெஞ்சில் இறங்கினதும் காசை வைப்பார், அப்புறம்தான் வாயில் வைப்பார். குதிரைக்கு லாடம் அடிக்கிறவனுக்கு ஒரு கால் முடிந்ததும் ஒரு காலுக்கான கூலி. அடுத்த கால் முடிந்தால் அடுத்தது. முன்காசும் கிடையாது, பின்காசும் கிடையாது. அண்ணாமலையாருக்குக்கூட வேண்டுதல் வைக்க மாட்டார், அதுவும் கடன்தானே என்பார்.

சடையனின் அப்பா ஆதிமூலம் அதற்கு நேர் எதிர். ஊரில் அவருக்குக் கடன் கொடுக்காதவர் கோதண்டராமன் ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ அவரைக் கண்டாலே கோதண்டராமனுக்கு வாய் அரிக்கும்.

"இன்னா ஆதிமூலம், வேட்டி புதுசா கீதே. உன்னுதா, கடைக்காரனுதா?"

ஸ்டாண்டே சிரிக்கும். ஆதிமூலமும் சேர்ந்து சிரித்துக்கொண்டு போவார். எங்கள் கடைக்கு ஒட்டின சைக்கிள் கடையில் சடையன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கும் எனக்கும் பதினாறு வயசு. அவன் மட்டும் சிரிக்க மாட்டான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான், குமிழி நின்று வெகுநேரம் ஆன பிறகும்.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரை வெயிலில் கோதண்டராமன் போய்ச் சேர்ந்தார். போன விதத்தைச் சொல்லியாக வேண்டும். விழுப்புரம் பக்கமிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதி அவர் வண்டியில் ஏறி, பெரிய கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். ராணி கிளம்பியது. வழியெல்லாம் அவர்கள் அவரிடம் மழை எப்படி, அரிசி என்ன விலை என்று பேசிக்கொண்டே வந்தார்கள். பதில் இல்லை. இந்த ஊர் வண்டிக்காரனுக்கு இவ்வளவு திமிரா என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டாள். வண்டி கோயிலுக்குப் போகாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. சண்டை போட இறங்கிப் பார்த்தால், லகானைப் பிடித்தபடியே ஆள் விறைத்துப்போயிருக்கிறார். அவர் பெண்சாதி ராஜம்மாள் ஓடி வந்தாள். அழுகிறதற்கு முன்னால், "சவாரிக் காசு குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் காசைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். வாங்கி முடிந்துகொண்ட பிறகுதான் மார்பில் அடித்துக்கொண்டாள். அந்த வீட்டுக் கணக்கு அப்படி.

கோதண்டராமனுக்கு ஒரே மகள், வேதா. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆண் வாரிசு இல்லாததால் அண்ணன் மகன் ராஜேந்திரன் கொள்ளி வைக்க வந்தான்.

எங்கள் பக்கத்தில் கொள்ளி வைக்குமுன் ஒரு கேள்வி உண்டு. பங்காளிகளில் மூத்தவர் பிணத்தின் கால்மாட்டில் நின்று மூன்று முறை கேட்பார். பாக்கி கேட்டு யாராவது வாய் திறந்தால், கொள்ளி வைக்கிறவனோ வீட்டுக்குப் பெரியவரோ "ஏத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேட்டவன் "விட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று காதில் விழுந்த பிறகுதான் நெருப்பு. கடனை நடுவில் நிறுத்திவிட்டு யாரையும் எரிக்கிறதில்லை.

"கோதண்டராமன் யாருக்காவது பாக்கி தரணும்னா இப்பவே சொல்லிடுங்க. கொள்ளி வச்ச பொறவு வாயத் தொறக்கக் கூடாது," என்றார் மூத்தவர். இரண்டாம் முறை கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "முறைக்குக் கேக்கறேன்பா. இவராண்ட எவனுக்கு இன்னா வரப்போவுது."

மூன்றாம் முறை கேட்டபோது எனக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எனக்குப் பதினோரு ரூபா தரணும்."

கூட்டம் திரும்பியது. சடையன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"இன்னாத்துக்குடா?"

"தீபத்தப்போ ராணிக்குப் புல் அறுத்துப் போட்டேன். கூலி தரல."

ராஜேந்திரன் கையில் கொள்ளிக்கட்டையோடு பாய்ந்தான். "எங்க சித்தப்பாவையா சொல்றே, ஆதிமூலம் பெத்ததே?" நாலு பேர் அவனை மறித்தார்கள். தள்ளுமுள்ளில் கட்டை கை நழுவி வரட்டி அடுக்கின்மேல் விழுந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தது, குபீரென்று பிடித்துக்கொண்டது. கொள்ளி வைத்ததாகவும் இல்லை, வைக்காததாகவும் இல்லை. மூத்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எவனும் ஏத்துக்கவும் இல்ல, இவன் விடவும் இல்ல. கடன் அந்தரத்துல நிக்குதே," என்றார்.

திரும்பி வரும்போது சடையன் என்னிடம் சொன்னான்: "ஒரு நிமிஷமாவது அந்த ஆளு கடன்காரனா இருக்கட்டும்னு தோணுச்சு பலராமா. அப்புறம் விட்டுட்டேன்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எரிஞ்சிடுச்சு."

மறுநாள் பால் தெளிக்கப் போனவர்கள் எலும்பு பொறுக்கினார்கள். நெற்றியில் ஒட்டி அனுப்பின ஒரு ரூபாய்க் காசு மட்டும் சாம்பலில் அகப்படவில்லை. உச்சி வெயிலில் அது சடையன் வீட்டு வாசற்படியில் கிடந்தது. கரி பூத்து, நடுவில் குங்குமம் தீய்ந்து, கிட்டப் போனால் முகத்தில் அனல் அடித்தது. அவன் அம்மா ரேணுகாம்பாள் இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். சொய்யென்று இரைந்தது.

"பொணக்காசுடா," என்றாள். "கையில வாங்கினியோ, கூடவே போவணும். கைய நீட்டிடாத."

அடுத்த நாள் உச்சியில் இரண்டு காசு. அதற்கடுத்த நாள் மூன்று. குதிரை லத்தி நாற்றமும் சுடுகாட்டுப் புகையும் கலந்து தெருவே மூக்கைப் பிடித்தது. ஆதிமூலம் மட்டும் ஒவ்வொரு நாளும் தொட்டியை எட்டிப் பார்ப்பார். "செலவு பண்ண முடியாதா ரேணு? ஒரு காசு கூடவா?" என்பார். ரேணுகாம்பாள் இடுக்கியை ஓங்குவாள். கடன் வசூலிக்க வருகிறவர்களையே வாழ்நாளெல்லாம் பார்த்த குடும்பம் அது. கொடுக்க வருகிறவரைக் கண்டு கதவைச் சாத்தினது அப்போதுதான்.

காசு பத்து வரைக்கும் வந்தது. பதினொன்றாம் நாள் படியில் எதுவும் இல்லை. வேதா வந்து நின்றாள்.

ராணியையும் வண்டியையும் விற்றுவிட ராஜம்மாள் முடிவு செய்திருந்தாள். வாங்குகிற ஆள் வேங்கிக்காலில் இருந்தான். ராஜேந்திரன் பெங்களூருக்குப் போய்விட்டான். ராணியோ யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

"நீதான் புல் அறுத்துப் போட்டவனாச்சே," என்றாள் வேதா. "உன் பேச்சைக் கேக்கும். வந்து ஓட்டு."

சடையன் இல்லை என்றால் மயானத்தில் சொன்னது பொய் என்று ஆகும். அதுவும் அவள் முன்னால். எழுந்து போனான்.

"நீயும் ஏறு பலராமா," என்று என்னையும் கூப்பிட்டாள். "இவன் மயக்கம் போட்டான்னா தாங்கிப் பிடிக்க ஆளு வேணும்."

மூவரும் ஏறினோம். சடையன் முன்னால் போய் லகானைத் தொடக்கூட இல்லை, அது தானாக விறைத்தது. ராணி கிளம்பியது. வேங்கிக்கால் ரோட்டில் நேரே போக வேண்டியது, இடது கைப் பக்கம் மலைச் சுற்றுப் பாதைக்குள் திரும்பியது. மலை எங்களுக்கு இடது பக்கம் வந்துவிட்டது. அண்ணாமலையை வலம் வருகிறவர்கள் மலையை வலது கையில் வைத்துத்தான் சுற்றுவார்கள். இடமாகப் போவது இந்த ஊரில் யாரும் செய்யாத காரியம்.

"டேய், திருப்பு," என்றேன்.

"நான் ஓட்டல," என்றான் சடையன். அவன் இரண்டு கையும் மடியில் இருந்தன.

முன் பலகை காலி. ஆனால் அதில் யாரோ உட்கார்ந்த மாதிரி வண்டி முன்பக்கம் தாழ்ந்திருந்தது. சாட்டை தானாக எழுந்து ராணியின் முதுகைத் தொட்டும் தொடாமலும் தட்டியது. கோதண்டராமன் அடிக்க மாட்டார், அப்படித்தான் தட்டுவார்.

நான் அந்த வயசிலேயே அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கினவன். பின் கம்பியைத் தாண்டிக் குதிக்கக் காலை வைத்தேன். கீழே ரோடு இருந்தது, ஆனால் கால் அதை எட்டவில்லை. தொங்கினால் இன்னும் கீழே போனது. கிணற்றுக்குள் காலை விட்டவன் மாதிரி மேலே ஏறிக்கொண்டேன். வேதா சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

வழியில் ஆட்கள் இருந்தார்கள், அதுதான் கொடுமை. வலம் வந்த ஒரு கிழவி எங்களைப் பார்த்து, "எதிர்ப்பொறமா போறீங்களே, வெளங்குவீங்களா?" என்று திட்டினாள். விளங்க மாட்டோம் பாட்டி, காப்பாத்து என்று கத்தினோம். "வாய் வேற," என்று போய்விட்டாள். ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் மரத்தடியில் நின்றிருந்தார். நாங்கள் மூவரும் கையை ஆட்டிக் கதறியதை ஏதோ பக்தி என்று எண்ணி, கண்ணை மூடிக் கும்பிட்டார். அதற்கு முன்பே எமலிங்கத்தைத் தாண்டும்போது சடையன் கும்பிடக் கையைத் தூக்கி, உடனே மடக்கிக்கொண்டான்.

ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் பாதை மறுபடி மலைப் பக்கம் திரும்பிவிட்டது. ஊர் வரவே இல்லை. மயான வாசல் வந்தது. வண்டி நின்றது. முன் பலகையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டது. தோல் வெந்து கறுத்த கை, விரல் நடுவில் லகான் பிடித்த காய்ப்பு அப்படியே இருந்தது. அதில் காசுகள்.

"பதினொண்ணு. எண்ணிக்க."

சடையன் இரண்டு முஷ்டியையும் அக்குளில் செருகிக்கொண்டான்.

"வேணாம் மாமா."

"வேணாம்னா இன்னொரு சுத்து சுத்தறேன். யோசிச்சுக்க," என்றது குரல். கோதண்டராமன் கோபமே படவில்லை. சவாரி பேசுகிற மாதிரிதான் பேசினார்.

மறுபடி மலையைச் சுற்றினோம். சூரியன் உச்சியை விட்டு இம்மியும் நகரவில்லை. ராணியின் நிழல் அதன் வயிற்றுக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. அதே கிழவி அதே இடத்தில் அதையே திட்டினாள். அதே வெள்ளைக்காரர் கும்பிட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனை முறை சுற்றினோம் என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் புத்தி பேதலித்திருக்கும்.

வேதா முன்னால் நகர்ந்து அந்த வெறும் பலகையிடம் பேசினாள். "நைனா, இவன் பொய் சொல்லிட்டான். நீ யாருக்கும் தரவேணாம்."

"பொணத்துக்கு முன்னால ஒருத்தன் பொய் சொல்வானா வேதா?"

"சொன்னேன் மாமா," என்று சடையன் அழுதான். "எங்க நைனாவ நீ பேசினதுக்குச் சொன்னேன். சத்தியமா புல்லு அறுக்கல."

சாட்டை ராணியின் முதுகை ஒரு தட்டுத் தட்டியது.

"நாலு பேர் காதுல விழுந்துடுச்சு. இப்ப நீ இல்லேன்னா, செத்த ஆளு சின்னப் பையனை மெரட்டி வாய மூடிட்டான்னு ஊரு சொல்லும். என் பேரு இன்னா ஆவறது? வாங்கிக்க. வாங்கிட்டு உள்ள வந்துடு, வண்டியில எடம் கீது."

உண்மையைச் சொன்னாலும் விடவில்லை, பொய்யும் விடவில்லை. அடுத்த முறை மயான வாசலில் வண்டி நிற்காமல் உள்ளே திரும்பியது.

"இனிமே சுத்த மாட்டேன்," என்றது குரல். "ராணிக்குத் தண்ணி காட்டணும்."

அப்போதுதான் சடையன் பிழைக்கிற வழியைக் கண்டுபிடித்தான். நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், படிப்பு வேறு புத்தி வேறு. வாசலில் வந்து நிற்கிறவனைத் தவணை சொல்லித் திருப்பி அனுப்புவது எப்படி என்று ஆதிமூலம் வீட்டில் பிறந்தவனுக்குப் பாடம் எடுக்க வேண்டுமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பனுடைய குரலிலேயே இழுத்தான்.

"மாமா, வேலை இன்னும் முடியலையே."

வண்டி நின்றது.

"இன்னா?"

"ஒத்துக்கிட்ட புல்லு இன்னும் அறுத்துப் போடல. முடியாத வேலைக்கு நீங்க காசு குடுக்கலாமா? உங்க பழக்கம் அதில்லையே."

"முடியாத வேலைக்கு மயானத்துல வந்து காசு கேட்டியா?"

"அவசரத்துல கேட்டுட்டேன் மாமா. ஆதிமூலம் புள்ளதானே நானு."

முன் பலகையிலிருந்து சிரிப்பு வந்தது, குதிரை கனைக்கிற மாதிரி. "அதானே பார்த்தேன். ரத்தம் எங்க போவும்." நீண்டிருந்த கை மடங்கியது. "எப்ப முடிப்பே?"

"ராணி வயிறு நெறையணும் மாமா."

"அது வயிறு என்னைக்குடா நெறஞ்சுது. சரி. முடிச்ச அன்னிக்கு வண்டியோட நிப்பேன். கைய நீட்டணும்."

முன்பக்கம் தாழ்ந்திருந்த வண்டி சமமாகியது. ராணி குனிந்து மயான வேலியோரம் ஒரு வாய் புல்லைக் கடித்தது. நாங்கள் கீழே குதித்தோம், ரோடு காலுக்குத் தட்டுப்பட்டது. ஊருக்குள்ளிருந்து பன்னிரண்டு மணிச் சங்கு அப்போதுதான் ஊதியது.

அன்றிலிருந்து சடையன் வாழ்க்கை அந்தக் குதிரை வயிற்றுக்குள் போய்விட்டது. ராணியை விற்கக் கூடாது என்று ராஜம்மாள் காலில் விழுந்தான். சைக்கிள் கடையை விட்டான். விடிந்ததும் வேங்கிக்கால் ஏரிக்கரையில் புல் அறுப்பான், பகலில் அதே ஜட்காவை ஓட்டுவான், வருமானத்தை ராஜம்மாள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடுவான். ஒரு கட்டுப் புல்லை எப்போதும் மீதி வைப்பான். போட்டு முடித்தால் வேலை முடிந்ததாகிவிடுமே.

கையை மட்டும் நீட்ட மாட்டான். சவாரிக் காசு போட வண்டியில் ஒரு டால்டா டப்பா கட்டியிருந்தான். கோயிலில் விபூதிக்கு நெற்றியைக் காட்டுவான். கடையில் மீதிச் சில்லறை வாங்க மாட்டான், "சில்லறை வேணாம் சடையன்" என்றால் ஊருக்கே தெரியும், தாராளக்காரன் என்று நினைத்தார்கள். ஒருமுறை பெங்களூருக்கு ஓடிவிடலாம் என்று பஸ் ஏறினான். கண்டக்டர் பின்னாலிருந்து, "உன் பாக்கி" என்று கையை நீட்டினான். சடையன் திரும்பிப் பார்த்தான். விரல் நடுவில் லகான் காய்ப்பு. செங்கம் ரோட்டிலேயே குதித்து முழங்கால் சிராய்த்து நடந்து வந்து சேர்ந்தான். கீழ்பென்னாத்தூரில் ஒரு பெண் பார்த்தார்கள். தாம்பூலத் தட்டு வாங்கச் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெண் வீட்டார் பந்திக்குக்கூட உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை ஏத்துக்கிட்டேன்னு சொல்லிடேம்மா," என்று வேதா தன் அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டாள்.

"என் புருஷன் வாங்காத கடனை வாங்கினாருன்னு நான் ஒத்துக்கணுமா? என் உசுரு போனாலும் மாட்டேன்," என்பாள் ராஜம்மாள். அப்படிச் சொல்லிக்கொண்டே சடையன் தட்டில் இன்னொரு கரண்டி களி வைப்பாள்.

வேதாவே ஒருநாள் பதினோரு ரூபாயோடு வந்தாள். ஆசிரமத்துப் பக்கம் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து, வெள்ளைக்காரர்களுக்கு இட்லி போட்டுச் சொந்தமாகச் சம்பாதித்த பணம். சடையன் விரலைத் திறக்கவில்லை.

"இது உன் கைதான்னு எனக்கு எப்படித் தெரியும் வேதா?" என்றான்.

அவள் அழுதுகொண்டே போனாள். நான் அதற்குள் டீக்கடையைச் சொந்தமாக்கி, பக்கத்தில் மெஸ்ஸும் போட்டுவிட்டேன். அவனோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து, "விட்டுட்டேன்னு இப்பச் சொல்லிப் பாருடா" என்பேன். "எரிஞ்ச பொறவு வாய் தொறக்கக் கூடாதுல்ல," என்பான். அரிவாள் நின்று மறுபடி ஓடும்.

ரயிலடிக்கு ஆட்டோ வந்தது. ஒவ்வொரு ஜட்காவாகக் காணாமல் போனது. கடைசியில் இவன் ஒருத்தன்தான் நின்றான். ராணிக்குப் பல் போய்விட்டது. புல்லை நறுக்கி, கொள்ளு அரைத்து ஊட்டுவான். பெற்ற தாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஊர் புகழ்ந்தது. அவன் கண்ணில் இருந்தது பாசமா பயமா என்று எனக்குத் தெரியும். இரண்டும்தான்.

எண்பத்து மூன்று பங்குனியில், ராஜம்மாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ராணி படுத்தது. எழுந்திருக்கவில்லை. சடையன் எனக்கு ஆள் அனுப்பினான். நான் போனபோது அதன் தலையை மடியில் வைத்திருந்தான். வேதா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாயில் வைத்த புல்லை மெல்லாமலேயே அது கண்ணை மூடியது. உச்சி நேரம்.

மூலையில் அவிழ்த்துவிட்டிருந்த ஜட்காவின் ஏர்க்கால்கள் இரண்டும் தரையிலிருந்து எழுந்தன, குதிரை பூட்டின மாதிரி. வண்டி முன்பக்கம் தாழ்ந்தது. சுடுகாட்டுப் புகை மூக்கில் ஏறியது.

சடையன் எழுந்து அதை நோக்கி நடந்தான். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நாளில் என்னை அசைக்க இரண்டு ஆள் வேண்டும். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"விடு பலராமா," என்றான். "சலிச்சுப் போச்சு. ஏறிடறேன்."

முன் பலகையிலிருந்து அந்தக் கை வந்தது. "வேலை முடிஞ்சுதா?"

தவணை சொல்ல இனி எதுவும் இல்லை. அவனும் தேடவில்லை. "முடிஞ்சுது மாமா."

"கைய நீட்டு."

மடங்கியே பழகின விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வேதா அவன் கையின்மேல் விழுந்து மூடப் பார்த்தாள். இரும்பு மாதிரி இருந்தது, மூடவில்லை. காசுள்ள கை சாய ஆரம்பித்தது.

"யோவ், கைய எடு."

ராஜம்மாள் பின்கட்டு வாசலில் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வந்தாள். செத்த குதிரையை ஒரு பார்வை பார்த்தாள், புருஷன் கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அன்னிக்கு இல்லாத கடன் அது. அதான் நான் வாயத் தொறக்கல. இன்னிக்குக் கடன் கீது. ஏழு வருஷமா என் குதிரைக்குப் புல் போட்டு, என் வீட்டு உலைக்கு அரிசி போட்டவன் இவன். இவனுக்குத் தரவேண்டியது நாமதான். நான் ஏத்துக்கிட்டேன்."

"ராஜம்மா, என் பேரு..."

"உன் பேரை நான் பாத்துக்கறேன். நீ போ."

காசோடு கை மடங்கிப் பின்வாங்கியது. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கம்மியா குடுத்துடாத," என்றது.

"எனக்குத் தெரியும் போய்யா."

ஏர்க்கால்கள் தொப்பென்று மண்ணில் விழுந்தன. வண்டி வெறும் கட்டையாகிச் சாய்ந்தது. சடையன் கை நீட்டினபடியே நின்றான், மடக்கத் தெரியாதவன் மாதிரி. உள்ளங்கை அரிவாள் பிடித்துக் காய்த்துப்போய், நடுவில் மட்டும் வெயில் காணாமல் வெளுத்திருந்தது. ராஜம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஒற்றை ரூபாய் நோட்டுகளை நாக்கில் விரல் தொட்டுப் பிரித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிச் சொல்லி அந்தக் கையில் வைத்தாள். பதினொன்றையும் வைத்து முடித்தாள்.